பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்கு: வானவில் கோப்புகள், கேனான் 2900, அடிக்கடி போகும் கரண்ட்

கோத்தகிரி_பச்சைஇலை:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு அசெம்பிள்டு டெஸ்க்டாப் இருக்கு. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதுல ஏறாதுன்னு கணினியே சொல்லிடுச்சு. புதுசு வாங்க இப்போ நிதி இல்லை. லினக்ஸுக்கு மாறலாம்னு கமிட்டியில பேச்சு.

இதுல நடக்குற வேலை இவ்வளவுதான். உறுப்பினர் வாரியா தினசரி பச்சை இலை எடை, ஃபேக்டரி விலை, முன்பணப் பிடித்தம் எல்லாம் எக்செல் 2021-ல. மனு, தீர்மானம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் வேர்டுல, வானவில் எழுத்துருவுல. பல வருஷத்துக் கோப்பு. டைப் பண்ற அக்காவுக்குப் பழைய தட்டச்சு முறைதான் கை பழக்கம். ப்ரிண்டர் கேனான் எல்பிபி 2900. இன்டர்நெட் செல்போன் ஹாட்ஸ்பாட், அதுக்கு ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள். மழை சீசன்ல கரண்ட் நிக்காது.

எந்த லினக்ஸ் போடலாம்? விண்டோஸை அழிச்சே ஆகணுமா? வானவில் கோப்பெல்லாம் என்ன ஆகும்? ஒரு உறுப்பினர் தன் பையனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பையும் தரேன்னார், 2 ஜிபி ராம். அது தேறுமா?

பனிமூட்டம்_ஊட்டி:

லினக்ஸ் மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான திரைச்சூழல்) பதிப்பைப் போடுங்கள். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சின்னமன் பதிப்பு பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 4 ஜிபி ராமில் பிரவுசரையும் கணக்கையும் ஒன்றாகத் திறந்தால் திணறும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே மாறுவது சரியான முடிவு.

மாறுகிற வரிசைதான் முக்கியம். முதலில் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) மாற்றுங்கள், அதை விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். அடுத்து பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி டாங்கிள், ப்ரிண்டர், திரை மூன்றையும் பாருங்கள். இன்ஸ்டால் அதற்குப் பிறகுதான்.

விண்டோஸை அழிக்கவே வேண்டாம். 240 ஜிபி அளவில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று வாங்கி லினக்ஸை அதில் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டால், லினக்ஸாக இருந்தாலும் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் மெதுவாகத்தான் இருக்கும். கை கொடுத்தால் டிடிஆர்3 1600 ராம் 4 ஜிபி ஒன்றும் சேருங்கள். டிடிஆர்4 கொடுத்தால் வாங்காதீர்கள். பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டில் உட்காராது.

இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மின்டின் இன்ஸ்டாலர் சில நேரம் நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் பூட் கோப்புகளை முதல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒரு டிஸ்க் பழுதானால் இரண்டு சிஸ்டமும் எழாது. கேபிள் கழன்றிருந்தால் எஸ்எஸ்டி மட்டும்தான் கண்ணில் படும். "டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால் செய்" என்பதைப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

டவுன்லோடு ஏறக்குறைய 3 ஜிபி. ஹாட்ஸ்பாட்டில் நேரடி லிங்க் பாதியில் அறுந்தால் முதலிலிருந்து வர நேரிடும், ஆகவே டாரண்ட் வழியாக எடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும், துண்டு துண்டாகத் தானே சரிபார்த்தும் கொள்ளும். நேரடியாக இறக்கினால் மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடாமல் பயன்படுத்தக் கூடாது. இன்ஸ்டால் பாதியில் "கோப்பைப் படிக்க முடியவில்லை" என்று நிற்பதற்குப் பெரும்பாலும் அரைகுறை டவுன்லோடு அல்லது கெட்டுப்போன பென் டிரைவ்தான் காரணம்.

8 ஜிபி பென் டிரைவ் போதும். விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து ஐஎஸ்ஓ முறையில் எழுதுங்கள். அது பூட் ஆகாவிட்டால் டிடி முறையில் இன்னொரு தடவை. பூட் மெனுவுக்கு ஜிகாபைட் போர்டில் எஃப்12, ஆசஸ் என்றால் எஃப்8, எம்எஸ்ஐ என்றால் எஃப்11. அதில் பென் டிரைவ் இரண்டு வரியாகத் தெரிந்தால் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு அடுத்து வந்த பூட் முறை) என்று முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இன்ஸ்டாலரில் மொழி ஆங்கிலம், இடம் கொல்கத்தா. மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் வேண்டாம், அது நெட்டிலிருந்து இறக்கும். பிறகு மெனுவிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் மொழி அமைப்பில் வட்டாரம் "ஆங்கிலம், இந்தியா" என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் கணக்கில் தேதியும் மாதமும் இடம் மாறும்: 05/08 என்பது மே 8 ஆகிவிடும். தினசரி இலைக் கணக்குக்கு இதைவிட மோசமான தவறு இல்லை, ஏனென்றால் 12-ஆம் தேதி வரை எந்தப் பிழையும் திரையில் தெரியாது.

ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபின், விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைப் படிக்கலாம், எழுத முடியாது. லினக்ஸ் தொடக்கப் பட்டியலில் விண்டோஸ் தெரியாவிட்டாலும் பதற வேண்டாம். அந்தக் காலத்துக் கணினிகளில் விண்டோஸ் பழைய பயாஸ் முறையில் போட்டிருப்பது சகஜம். யூஇஎஃப்ஐ முறையில் எழுந்த லினக்ஸ் அதை அழைக்க முடியாது. பூட் மெனுவிலிருந்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வழக்கம்போல் வரும். அங்கே கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை போர்டில் எழுதுவதுதான் காரணம்.

குன்னூர்_தட்டச்சு:

வானவில் பத்தி நான் சொல்றேன். வானவில் கோப்புக்குள்ள உண்மையில தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்து, குறிகளோட எண்கள்தான் இருக்கும். எழுத்துரு அதுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுது. அந்த டிடிஎஃப் கோப்பை லினக்ஸ்ல நிறுவினா பழைய மனுவைத் திறந்து பார்க்கலாம், ப்ரிண்ட் எடுக்கலாம். ஆனா வானவில்லோட கீபோர்டு மென்பொருள் லினக்ஸ்ல ஓடாது. அதனால புதுசா எழுதுறது எல்லாம் யூனிகோடுதான்.

மாத்துறதுக்கு விண்டோஸ்ல என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கு. லினக்ஸ்லயே செய்யணும்னா ஓப்பன்-தமிழ்ங்கிற பைத்தான் நூலகத்துல வானவில் உட்பட நிறைய பழைய குறியாக்கங்களுக்கு மாற்றி இருக்கு. நூத்துக்கணக்குல கோப்பு இருந்தா அதுதான் வசதி. எதுல மாத்தினாலும் இந்த நாலு இடத்துல கண்ணு வைக்கணும்.

மாற்றி கொடுத்தது எல்லாத்தையும் வானவில்னே நினைக்கும். நடுவுல ஆங்கிலத்துல இருக்கிற பேங்க் பேர், மின்னஞ்சல் எல்லாம் தமிழ்க் குப்பையாயிடும். ஆங்கிலப் பகுதியைத் தனியா வெட்டி வச்சுட்டு மாத்துங்க. எக்செல்ல பேர், ஊர் பத்தியை மட்டும் மாத்துங்க, எடை, தொகைப் பத்திகளைத் தொடாதீங்க.

நோட்பேட்ல சேமிக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8னு இருக்கணும். ஏஎன்எஸ்ஐ-ல சேமிச்சா மாத்தின தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாயிடும், திரும்ப வராது.

கொ, கோ மாதிரி எழுத்துகள்ல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் தனித்தனியா இருக்கும். நடுவுல யாராவது இடைவெளி விட்டிருந்தா மாத்தினப்புறம் கொம்பு தனியா, ஒரு புள்ளி வட்டத்தோட நிக்கும். அதைத் தேடித் திருத்திடலாம்.

பெரிய தொல்லை ஔகாரக் குறி. பழைய எழுத்துருக்கள்ல ள-வும் ஔகாரக் குறியும் ஒரே உருவம். அதனால கௌடர்ங்கிறது "கெளடர்"னு ஆயிடும்: கொம்பு போட்ட கெ, அப்புறம் தனி ள. கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும், தேடினா கிடைக்காது. உங்க பட்டியல்ல கௌடர்னு முடியிற பேர் எத்தனை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. "கெளடர்" முழுச் சொல்லா போட்டு "கௌடர்"னு மாத்துங்க. பௌர்ணமி, மௌனம், சௌகரியம் இதெல்லாமும் அப்படியே சொல் சொல்லா. மொத்தமா "பெள"வை "பௌ"ன்னு மாத்துற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பெள்ளிங்கிற பேர் படுகர் குடும்பங்கள்ல உண்டு. அந்தப் பேரெல்லாம் உடைஞ்சு போயிடும்.

இன்னொண்ணு: பழைய ஷீட்ல பேரை வச்சு ஃபார்முலா தேடிட்டிருந்தா, ஒரு ஷீட் யூனிகோடு, ஒரு ஷீட் வானவில்னு இருக்கிறப்போ எதுவும் பொருந்தாது. மாத்துற முன்னாடியே ஒவ்வொருத்தருக்கும் உறுப்பினர் எண் போட்டு, எண்ணை வச்சுத் தேடுற மாதிரி திருத்திடுங்க. யூனிகோடு ஆனதும் பேர்கள் ஒழுங்கா அகரவரிசையில நிக்கும், அது வானவில்ல நடக்கவே நடக்காது.

அக்காவுக்கு: தமிழ்ல தட்டச்சு பண்ண சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ், ஐபஸ்-எம்17என் ரெண்டையும் நிறுவுங்க. மெனுவுல இன்புட் மெத்தட் திறந்து ஐபஸ்னு கொடுத்து, லாக்-அவுட் பண்ணி உள்ள வாங்க. ஐபஸ் அமைப்புல தமிழ் கீழ டைப்ரைட்டர், தமிழ்99, ஃபொனெடிக் எல்லாம் இருக்கும். டைப்ரைட்டரைச் சேருங்க, பழைய கை அப்படியே ஓடும். குறிகள் ஒண்ணு ரெண்டு இடம் மாறியிருக்கும், அதை ஒரு தாள்ல குறிச்சு ஒட்டி வச்சுக்கணும். புதுசா பழகுறவங்களுக்குத் தமிழ்99. ஆனா அதை எக்ஸ்எஃப்சிஇ கீபோர்டு லேஅவுட் பட்டியல்ல இருந்து எடுக்காதீங்க, எம்17என்ல இருந்தே எடுங்க. ஒரே விசை எங்க உயிரெழுத்து, எங்க துணைக்குறின்னு இடம் பார்த்து மாறுறதும், புள்ளி தானா விழுறதும் வெறும் லேஅவுட்ல வராது.

லிப்ரே ஆஃபீஸ் (வேர்டு, எக்செல்லுக்குப் பதிலா மின்ட்டோட வர்றது) ஆப்ஷன்ஸ்ல மொழிப் பகுதிக்குப் போய் சிக்கலான எழுத்து அமைப்பை இயக்கி, மொழி தமிழ்னு கொடுங்க. லதா எழுத்துரு விண்டோஸோட வர்றது, லினக்ஸ்ல இருக்காது. வேற எழுத்துரு வந்து உட்காரும்போது அகலம் மாறி ஒரு பக்க மனு ரெண்டு பக்கமாயிடும். நோட்டோ செரிஃப் தமிழ் இல்லைன்னா மீரா இனிமைனு ஒண்ணை முடிவு பண்ணிடுங்க, அலுவலகத்துக்கு அனுப்புறதை எப்பவும் பிடிஎஃப்பா அனுப்புங்க.

கணக்கர்_வெலிங்டன்:

சங்கத்தில் டேலி இருந்தால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் விண்டோஸை அப்படியே வைத்திருங்கள். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. வைன் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் கருவி) வழியாக ஓட்டி அதில் வரவு செலவை நம்பி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி இவற்றை நம்பி நடக்கும் வேலைக்கும் இதே பதில். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், தனி உரிமையாளர் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி மூலமே முடிக்கலாம், அதற்குப் பிரவுசர் போதும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும்தான் டோக்கன் வேண்டும்.

கோத்தகிரி_பச்சைஇலை:

டேலி இல்லைங்க, எக்செல் மட்டும்தான். வானவில் மாத்துற வேலை ஆரம்பிச்சாச்சு; "கெளடர்" சொன்ன மாதிரியே வந்திருக்கு. மின்ட் பென் டிரைவ்ல பூட் ஆகுது. மூணு விஷயம் இடிக்குது. ஆன் பண்ணும்போதெல்லாம் எஃப்1 அழுத்தச் சொல்லுது, தேதி 2013னு காட்டுது. வைஃபை டாங்கிள் தெரியல. ப்ரிண்டர் பேர் பட்டியல்ல வருது, ஆனா தாள் நகர மாட்டேங்குது. அப்புறம் எக்செல்ல இருக்கிற எக்ஸ்லுக்அப் லிப்ரே ஆஃபீஸ்ல நேம் பிழைன்னு வருது.

கூடலூர்_சர்வீஸ்:

எஃப்1 கேக்குறது போர்டு பேட்டரி தீர்ந்ததால. சிஆர்2032 காசு பேட்டரி, ஃபேன்சி கடையில கூட கிடைக்கும். கணினியை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்துங்க. இதைச் சாதாரணமா விடாதீங்க. பேட்டரி செத்திருந்தா ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குப் போகும்; பூட் வரிசை மாறும், சில போர்டுல சாட்டா அமைப்பு (டிஸ்க்கோட போர்டு பேசுற முறை) ஏஎச்சிஐ-ல இருந்து ஐடிஇ-க்கு மாறிடும். லினக்ஸ் எழும்போது டிஸ்க்ல எழுதியிருக்கிற நேரம் எதிர்காலத்துல இருக்குன்னு சொல்லி சோதனைக்கு நிக்கும். நெட் வந்தா நேரம் தானா திருந்தும்தான், ஆனா ஹாட்ஸ்பாட் இணையுறதுக்குள்ள பிரவுசர்ல எல்லாத் தளமும் சர்டிஃபிகேட் பிழை காட்டும். மாத்தினதும் பயாஸ்ல தேதி போட்டு, சாட்டா ஏஎச்சிஐ-ல இருக்கான்னு பார்த்து சேமிச்சுடுங்க. எஸ்எஸ்டி போடத் திறக்கும்போதே ராம் ஸ்டிக்கைக் கழட்டி, பொன்னிறப் பல்லை பென்சில் ரப்பரால லேசா தேய்ச்சுப் போடுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு அது கறுத்துப்போய் பீப் சத்தத்தோட நிக்கும்.

டாங்கிளை இப்போதைக்கு விடுங்க. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி, போன்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க; எந்த டிரைவரும் இல்லாம வயர் இணைப்பா வந்துடும். அதை வச்சு டிரைவர் மேனேஜர் திறந்து பாருங்க. மேல உறைல என்ன எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிற சிப்தான் கணக்கு, ஒரே மாடல்லயே சிப் மாறி வர்றது உண்டு. டிரைவர் மேனேஜர் எதுவும் காட்டலைன்னா டாங்கிளோட மல்லுக்கட்டாம டெதரிங்கிலேயே ஓட்டுங்க, சங்க வேலைக்கு அது தாராளம்.

எல்பிபி 2900 உண்மையிலேயே சிக்கல்தான். அது பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட்னு பொதுவான ப்ரிண்டர் மொழி எதுவும் புரியாத ப்ரிண்டர், கேனானோட சொந்த கேப்ட் முறை மட்டும்தான். லினக்ஸுக்கு கேனானே ஒரு டிரைவர் கொடுத்திருக்கு. ஆனா அதுக்குப் பழைய 32-பிட் கோப்புகள் தேவை, பின்னாடி ஓடுற சேவை ப்ரிண்டரை அணைச்சு போட்டாலே தொங்கிடும். தன்னார்வலர்கள் எழுதின இன்னொரு கேப்ட் டிரைவரும் இருக்கு, அதைக் கம்பைல் பண்ணணும். தினம் ப்ரிண்ட் எடுக்கிற அலுவலகத்துக்கு ரெண்டையும் நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்கு லினக்ஸ்ல பிடிஎஃப் ஆக்கி, பழைய விண்டோஸ்ல பூட் பண்ணி, நெட்டை இணைக்காம ப்ரிண்ட் கொடுங்க. அடுத்து ப்ரிண்டர் வாங்கும்போது ஐபிபி எவ்ரிவேர் இல்லைன்னா ஏர்ப்ரிண்ட் ஆதரவு இருக்கிறதா பார்த்து வாங்குங்க. லினக்ஸ்ல டிரைவரே கேக்காது. பழைய எச்பி 1020 யாராவது கொடுத்தா ஓடும், ஆனா ஒவ்வொரு முறை ஆன் பண்ணும்போதும் கணினிதான் அதுக்கு ஃபர்ம்வேரை அனுப்பணும், எச்பிலிப்போட (எச்பியோட லினக்ஸ் டிரைவர்) பிளக்-இன்னை நெட்டிலிருந்து ஒரு தடவை இறக்கியாகணும்.

கரண்டுக்கு 600 விஏ யூபிஎஸ் இல்லாம இன்ஸ்டாலும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம். உங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலயும் எங்க கூடலூர் பக்கம் ஆனி, ஆடியிலயும்தான் இந்தத் தொல்லை அதிகம். சும்மா வேலை செய்யும்போது கரண்ட் போனா லினக்ஸோட இஎக்ஸ்டி4 கோப்பு முறை பெரும்பாலும் தானே சரிபண்ணிக்கும். அப்டேட் நடுவுல போனாதான் பேக்கேஜ் பாதியில நிக்கும். அப்போ எழும்போது க்ரப்ங்கிற தொடக்கப் பட்டியல்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதுல ரெகவரி மோடு போங்க. முதல்ல எஃப்எஸ்சிகே (டிஸ்க் சோதனை), அடுத்து டிபிகேஜி (பேக்கேஜைச் சரிபண்றது) வரியைக் கொடுங்க, அந்த வரிசையிலதான். சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வைக்கிற டைம்ஷிஃப்டை முதல் நாளே அமைச்சு வாரம் ஒண்ணு, மொத்தம் மூணு பிரதின்னு வைங்க. அது சிஸ்டத்தை மட்டும்தான் காக்கும். இலைக் கணக்கைத் தனியா வேற பென் டிரைவ்ல எடுத்தாகணும்.

2 ஜிபி லேப்டாப்: அந்தத் திட்டத்து லேப்டாப்புகள்ல ஆரம்பத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க, சிடாக் உருவாக்கின டெபியன் வழி லினக்ஸ் அது. ஆக லினக்ஸ் அந்த ஹார்டுவேருக்குப் புதுசு இல்லை. இப்போ போடுறதுன்னா டெபியனோட எல்எக்ஸ்க்யூடி (இலகுவான திரைச்சூழல்) பதிப்பு. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 2 ஜிபியில எழும், ஆனா பிரவுசர்ல ரெண்டு டேப் திறந்ததும் டிஸ்க் ஓயாம சுத்தும். 4 ஜிபி ஆக்க முடிஞ்சா மட்டும் மெனக்கெடுங்க. இல்லைன்னா இலை எடை பதியிற ஒரே வேலைக்கு, பிரவுசர் இல்லாம வச்சுக்கலாம்.

குன்னூர்_தட்டச்சு:

எக்ஸ்லுக்அப்: மின்ட் 22-ல வர்றது லிப்ரே ஆஃபீஸ் 24.2. அந்த ஃபார்முலா 24.8-லதான் சேர்ந்துச்சு. ஃபிளாட்பேக்ல (மென்பொருளைத் தனிப் பொட்டலமா நிறுவுற முறை) புதுசு கிடைக்கும், ஆனா கூடவே வர்ற ரன்டைம் சேர்த்து டவுன்லோடு பெருசு, ஹாட்ஸ்பாட்டுக்கு வீண் செலவு. இன்டெக்ஸும் மேட்ச்சும் சேர்த்து எழுதிடுங்க: மேட்ச்ல உறுப்பினர் எண், எண் பத்தி, கடைசியா 0, அது கொடுக்கிற வரிசையை இன்டெக்ஸ்ல விலைப் பத்தியோட கொடுங்க. அந்த 0-வை விட்டுடாதீங்க. விட்டா பட்டியல் வரிசையா இருக்குன்னு நினைச்சு, கிட்டத்துல இருக்கிற வேற உறுப்பினரோட தொகையை எடுத்துக் காட்டும், பிழைன்னும் சொல்லாது. இதை எக்செல்லயே இப்பவே மாத்தி, போன மாசக் கணக்கோட மொத்தம் பைசா வரைக்கும் ஒத்து வருதான்னு பார்த்துட்டு, அதுக்கப்புறம் லினக்ஸுக்குக் கொண்டு வாங்க. மேக்ரோ ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதைத் தனியா பார்க்கணும்.